கடலடியில் கண்மூடி நம்பிக்கை

மூடநம்பிக்கை என்று சொன்னவுடன் நம் மக்களில் அநேகருக்குப் பல்லி சொல்லும் பலனும், ராகுகாலமும், பூனை குறுக்கே போவதும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அது படிப்பில்லாத பாமரனுடைய சொத்து என்றும், கணக்குப் படித்து யந்திரம் செய்கின்றவனிடத்தில் அது நெருங்காது என்றும் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். இது பெருந்தவறாகும். எவன் ஒருவன் தான் சொல்வதற்கு ருஜுக் கேட்பவனை விரோதியாகப் பார்க்கின்றானோ, எவன் ஒருவன் கண்ணுக்கெதிரே வந்த அத்தாட்சியைத் தன் எண்ணத்துக்கு ஒத்து வராத காரணத்தால் தள்ளி விடுகின்றானோ, அவன் கையில் இருப்பது பஞ்சாங்கமானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, அவன் மூடநம்பிக்கைக்காரனே ஆவான்.

இதற்குச் சரியான உதாரணமாக, 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் ‘டைட்டன்’ என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம் ஐந்து மனிதர்களோடு நொறுங்கிப் போன சங்கதியை எடுத்துக் கொள்ளலாம். அது நடந்தபோது உலகமெங்கும் நாலு நாள் பரபரப்பாய்ப் பேசப்பட்டது. பிறகு மறக்கப்பட்டது. ஆனால் அதைப் பற்றிய விசாரணைகள் 2025-ம் வருஷத்தில்தான் முடிந்து அறிக்கைகள் வெளிவந்தன. அந்த அறிக்கைகளைப் பார்த்தால், அந்த ஐந்து பேரைக் கொன்றது கடல் அல்ல என்றும், ஒரு பொருளின் பெயரில் வைத்த குருட்டு நம்பிக்கையே என்றும் விளங்கும்.

நடந்தது என்ன?

1912-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி பனிக்கட்டி மலையில் மோதி மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பல் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றது. 1985-ல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் கப்பலை நேரில் காட்டுவதாகச் சொல்லி, தலைக்கு இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை இறக்கிய அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயர் ஓஷன்கேட் என்பதாகும். அதன் தலைவர் தோழர் ஸ்டாக்டன் ரஷ். அன்றைய தினம் கலத்தை ஓட்டிச் சென்றவரும் அவரே. இறங்க ஆரம்பித்து ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனவுடன் பேச்சுத் தொடர்பு அற்றுப் போயிற்று. நாலு நாள் தேடியபின், டைட்டானிக்கின் முன் பாகத்துக்குச் சுமார் 500 மீட்டர் தூரத்தில் கலத்தின் துண்டுகள் கிடைத்தன. ஐவரில் ஒருவர் 19 வயதுப் பையன். தன் தகப்பனாரோடு வந்தவன்.

கடலுக்குள் போகப்போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும், நாம் தரையில் அனுபவிக்கும் காற்றமுக்கத்தைப்போல் ஒரு பங்கு அமுக்கம் கூடிக்கொண்டே போகின்றது. 3,800 மீட்டரில் அது சுமார் 380 பங்காகின்றது. ஒரு சதுர அங்குலத்தின்மேல் ஏறத்தாழ 2,500 கிலோ பாரம். அதாவது ஒரு தபால் தலை அளவுள்ள இடத்தின் மேல் 50 கிலோ அரிசி மூட்டைகள் 50 ஏற்றி வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. இது ஒரு பக்கத்திலிருந்து மாத்திரமல்ல. மேல், கீழ், பக்கம் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சமயத்தில் நெருக்குகின்றது.

இந்தப் பாரத்தை மனிதன் ஜெயித்தது புதிதல்ல. 1960-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதியே தோழர்கள் ஜாக் பிக்கார், டான் வால்ஷ் என்கிற இருவர் ‘டிரியெஸ்ட்’ என்னும் கலத்தில் உலகத்திலேயே அதிக ஆழமான இடத்துக்கு, சுமார் 10,900 மீட்டருக்கு, இறங்கி உயிரோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது சுமார் 5 அங்குல கனமுள்ள எஃகு உருண்டை. அமெரிக்காவின் ‘ஆல்வின்’ என்னும் கலம் 1964 முதல் ஆயிரக்கணக்கான தடவை மூழ்கி எழுந்திருக்கின்றது. அதற்கும் முதலில் எஃகு உருண்டை, 1973 முதல் டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான உருண்டை. நம் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்புவதற்காக உருவாக்கி வரும் ‘மத்ஸ்யா 6000’ கலத்துக்கும் டைட்டேனிய உருண்டையே திட்டமிடப்பட்டிருக்கின்றது. உருண்டை வடிவத்தில் பாரம் எல்லாப் பக்கமும் சமமாய்ப் பரவுகின்றபடியால் அனுபவஸ்தர்கள் அதையே கைக்கொண்டார்கள்.

ஆனால் உருண்டையில் ஒரு சங்கடம். அதில் இரண்டு மூன்று பேருக்கு மேல் உட்கார இடமில்லை. உலோகமோ கனம். அதிகம் பேரை ஏற்ற வேண்டுமானால் கலம் நீண்ட குழாய் வடிவமாக இருக்க வேண்டும், லேசாகவும் இருக்க வேண்டும். ஆகவே ஓஷன்கேட் கம்பெனியார் கார்பன் நாரினால் 5 அங்குல கனத்தில் ஒரு குழாயைச் செய்து, அதன் இரண்டு வாய்களிலும் டைட்டேனிய வளையங்களைப் பசை போட்டு ஒட்டி, அவ்வளையங்களின்மேல் டைட்டேனியக் கிண்ணங்களை மூடியாகப் பொருத்தினார்கள். மனிதர் ஏறி அவ்வளவு ஆழத்துக்கு மறுபடியும் மறுபடியும் போகும் கலத்துக்கு இந்த ஏற்பாடு அதற்கு முன் ருஜுப்பிக்கப்பட்டதல்ல.

கார்பன் நாரின் யோக்கியதை

கார்பன் நார் என்பது நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கரி இழை. அவ்விழைகளை லட்சக்கணக்கில் சேர்த்துப் பிசின் ஊற்றி, சூளையில் வைத்து இறுக்கினால் கெட்டியான பலகையாகின்றது. எடைக்கு எடை பார்த்தால் இழுவையைத் தாங்குவதில் இது எஃகைவிடப் பல மடங்கு மேலானது. இதில் சந்தேகமே இல்லை. போயிங் 787 ஆகாய விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட கலப்புப் பொருள்களேயாகும். டோயோட்டா கம்பெனியார் 2014 முதல் விற்று வரும் ‘மிராய்’ என்னும் மோட்டாரில் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து வைக்கும் தொட்டிக்கும் கார்பன் நார்தான் கவசம். அத்தொட்டிக்குள் சுமார் 700 பங்கு அமுக்கம் இருக்கின்றது. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் உள்ளதைவிட இது ஏறத்தாழ இரட்டிப்பு.

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 700 பங்கைத் தாங்குகின்ற நார் 380 பங்குக்கு ஏன் நொறுங்கியது?

இதற்குப் பதில் நம் குடியானவர்களுக்குத் தெரியாததல்ல. கவலை இறைக்கும் வடத்தைப் பாருங்கள். எவ்வளவு பாரமான சாலைக் கிணற்றிலிருந்து மாடு இழுத்தாலும் தாங்குகின்றது. அதே வடத்தை நிமிர்த்தி நிறுத்தி அதன்மேல் ஒரு செங்கல்லை வையுங்கள். நிற்குமா? இழுத்தால் பலம், நெருக்கினால் துவளல் என்பதுதான் நாரின் சுபாவம். மோட்டார்த் தொட்டியில் அமுக்கம் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகின்றது. ஆகவே அதைச் சுற்றியுள்ள நார் பீப்பாயின் இரும்புப் பட்டையைப்போல் இழுபடுகின்றது. விமானத்திலும் உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளுகின்றது. அதுவும் ஒரு பங்குக்குக் குறைவான அமுக்கந்தான். கடலடியிலோ எல்லாம் தலைகீழ். அமுக்கம் வெளியேயிருந்து உள்ளே நெருக்குகின்றது. அப்பொழுது நார் துவளாமல் பிடித்து நிறுத்த வேண்டிய பொறுப்புப் பிசின் தலையில் விழுகின்றது. பிசினிலே ஒரு குமிழி, நாரிலே ஒரு மடிப்பு, இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு சிறு பிரிவு இருந்துவிட்டால் போதும். வாழை மட்டை ஏடு ஏடாகப் பிரிவதுபோல் அது உள்ளுக்குள்ளேயே பிரிய ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

எஃகும் டைட்டேனியமும் கெடாதவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அவற்றின் குணதோஷங்கள் நீண்ட காலமாய் ஆராய்ந்து எழுதப்பட்டிருக்கின்றன. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு நெளியும், எத்தனை தடவைக்குப் பிறகு களைப்படையும், உள்ளே வெடிப்பு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கின்றது. 5 அங்குல கனமுள்ள கார்பன் குழாய் கடலடியில் எத்தனை தடவை தாங்கும் என்பதற்கு அப்படிப்பட்ட கணக்கு கிடையாது. கணக்கு இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய காரியம், ஆளை ஏற்றாமல் வெறுங்குழாய்களை அமுக்கி அமுக்கி, எப்பொழுது உடைகின்றது என்று பார்த்து, அந்தக் கணக்கை உண்டாக்குவதேயாகும். அமெரிக்கக் கடற்படையார் கார்பன் நாரில் ஆழ்கடற் கலம் செய்தபொழுது அதை ஆளில்லாத கலமாகவே செய்தார்கள். உடைந்தால் நஷ்டம் யந்திரத்தோடு போய்விடும் அல்லவா?

சொல்லியும் கேளாமை

இவையெல்லாம் அந்தக் கம்பெனியாருக்குத் தெரியாமல் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. 2018 ஜனவரியில் அவர்களுடைய கடல் காரியங்களின் தலைமை அதிகாரியாயிருந்த தோழர் டேவிட் லாக்ரிட்ஜ், குழாயின் உட்புறத்தைக் கருவி வைத்துச் சோதிக்காமல் மனிதரை ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அதற்குக் கிடைத்த சன்மானம் வேலை நீக்கம். அதோடு அவர்மேல் வழக்கும் தொடுத்தார்கள். அவர் சர்க்காரிடம் செய்துகொண்ட முறையீடும் காலத்தில் விசாரிக்கப்படவில்லை. அதே வருஷம் மார்ச்சு மாதத்தில், ஆழ்கடற் கலங்களில் பழுத்த அனுபவமுள்ள முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், இவ்விதப் பரீட்சைப் போக்கு பெருங்கேட்டில் முடியக்கூடும் என்றும், கலத்தை வெளியார் சோதித்துச் சான்று தர விட வேண்டும் என்றும் ஒரு கடிதம் தயாரித்தார்கள். தோழர் ரஷ் வெளியார் சோதனையை ஏற்கவேயில்லை. விதிகளை மீறித்தான் புதுமை செய்ய முடியும் என்று பேட்டிகளில் பெருமையாகவே பேசி வந்தார்.

சொன்னவர்கள் மனிதர்கள், அவர்களுக்குப் பொறாமை இருக்கலாம் என்று வைத்துக் கொள்ளுவோம். பொருளே வாய் திறந்து சொல்லிற்றே, அதையாவது கேட்டார்களா? முதலில் செய்த குழாயில் 2019-ல் வெடிப்புக் கண்டது. அதைத் தள்ளிவிட்டு இரண்டாவது குழாய் செய்தார்கள். இதை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக ஐந்து அடுக்குகளில் வார்த்து, ஒவ்வொரு அடுக்கிலும் எழும்பிய மடிப்புகளைத் தேய்த்துச் சமன்படுத்தி, மேலே பசை வைத்து அடுத்த அடுக்கை ஏற்றினார்கள். தேய்த்த இடத்திலே நார் அறுபடும் என்பது சொல்லாமலே விளங்கும். இந்தக் குழாய்க்குள்ளே மடிப்பும், புழையும், வெற்றிடமும் இருந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னால் கண்டுபிடித்தது.

2022 ஜூலை 15-ந் தேதி 80-வது முழுக்கில் கலம் மேலே வந்துகொண்டிருந்தபோது பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. கலத்தில் நார் அறுபடும் ஓசையைக் கேட்பதற்கென்றே கருவிகள் வைத்திருந்தார்கள். சோதனைக்குப் பதில் அந்தக் கருவிகள் போதும் என்பதுதான் கம்பெனியின் பெருமை. அந்தக் கருவிகளும் தம் கடமையைச் செய்தன. அந்தத் தினத்துக்குப் பிறகு குழாயின் நெளிவு முன்போல் இல்லை என்று அளவுகள் காட்டின. ஆனால், குழாய் தன் சட்டத்தில் சற்று அசைந்து உட்கார்ந்த சத்தந்தான் அது என்று சமாதானம் சொல்லிக் கொண்டார்கள். பிறகு கனடா நாட்டுக் குளிரில் கலத்தை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் ஆட்களை ஏற்றினார்கள்.

கூரை சரியும்போது அடிக்கட்டும் என்று மணி கட்டி வைத்தவன், மணி அடித்தவுடன் அது காற்றில் அடித்தது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக் கொண்டால் மணியால் என்ன பிரயோஜனம்? கருவி வைத்திருப்பது அறிவு ஆகாது. கருவி சொல்வதைத் தனக்குப் பிடிக்காதபோதும் ஏற்றுக்கொள்ளுவதே அறிவாகும்.

“பலமுறை போய் வந்ததே!”

இக்காரியத்தில் அவர்கள் சொன்ன பெரிய ஆதாரம் எது? “2021-லும் 2022-லும் இதே கலம் டைட்டானிக்குக்குப் பலமுறை போய் வந்ததே” என்பதுதான். இந்த வாதம் நமக்குப் பழக்கமானதே. நேர்த்திக்கடன் செலுத்திய பத்துப் பேரில் பிழைத்த இரண்டு பேரைக் காட்டி மகிமை பேசுகின்ற வாதம் இது. நேற்றுவரை வடம் அறவில்லை என்பது இன்று அறாது என்பதற்கு ருஜுவாகுமா? ஒவ்வொரு இறைப்பிலும் வடம் தேய்ந்துகொண்டே வருவதால், பலமுறை இழுத்தது என்பது நம்புவதற்குக் காரணமல்ல. பயப்படுவதற்கே காரணமாகும். டைட்டனும் ஒவ்வொரு முழுக்கிலும் கொஞ்சங் கொஞ்சமாய்ச் செத்துக்கொண்டு வந்தது.

இன்னொரு தந்திரமும் கவனிக்கத்தக்கது. பணங்கொடுத்து ஏறினவர்களைப் ‘பிரயாணிகள்’ என்று சொன்னால் சட்டம் குறுக்கிடும் என்று, அவர்களுக்கு ‘பயண நிபுணர்கள்’ என்ற பொருளுள்ள பெயரைச் சூட்டினார்கள். பெயரை மாற்றினால் கட்டணம் கட்டணமல்லாமல் போய்விடுமா? உயிர்தான் உயிரல்லாமல் போய்விடுமா?

2025 ஆகஸ்டில் வெளிவந்த அமெரிக்கக் கடற்காவற் படையாரின் விசாரணை அறிக்கை, இது தடுத்திருக்கக் கூடிய சாவு என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது. குறை சொன்னவர்களை வேலையை விட்டுத் துரத்துவதாகப் பயமுறுத்தி வாயடைத்ததையும் அது எடுத்துக் காட்டுகின்றது.

துணிவும் முன்னேற்றமும்

சிலர் கேட்கலாம்: “துணியாவிட்டால் முன்னேற்றம் ஏது? தோழர் ரஷ் ஊராரை மாத்திரம் அனுப்பாமல் தாமும் ஏறினாரே, அவரை மோசக்காரர் என்று சொல்லலாமா?” என்பதாக. அவர் தாமும் ஏறினார் என்பது உண்மையே. அவருடைய நம்பிக்கை உண்மையானது என்பதற்கு அது அத்தாட்சியாகலாம். ஆனால் நம்பிக்கை உண்மையாயிருப்பதனாலேயே நம்பப்படும் விஷயம் உண்மையாகி விடாது. கடல் ஒருவனுடைய நாணயத்தைப் பார்த்து அமுக்கத்தைக் குறைத்துக் கொள்ளுவதில்லை.

துணிவைப் பற்றிச் சொல்வதானால் இதே கார்பன் நாரின் சரித்திரத்திலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கின்றது. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் ஆர்.பி.211 என்னும் விமான எஞ்சினுக்குக் கார்பன் நாரினால் விசிறித் தகடு செய்தார்கள். எடை குறையும் என்று அதன்மேல் பெரும் பணத்தையும் புகழையும் பந்தயம் வைத்தார்கள். 1970-ல் ஓடும் எஞ்சினுக்குள் செத்த பறவையை எறிந்து பார்க்கும் சோதனை நடந்தது. தகடு சிதறியது. அவர்கள் என்ன செய்தார்கள்? சோதனை பொய் என்றார்களா? சோதித்தவனைத் துரத்தினார்களா? இல்லை. கார்பன் தகட்டை எடுத்துவிட்டு டைட்டேனியத் தகட்டைப் போட்டார்கள். அந்த எஞ்சினுக்கு ஆன செலவு தாளாமல் 1971 பிப்ரவரியில் கம்பெனி திவாலாகி, சர்க்கார் கைக்குப் போயிற்று. மானம் போயிற்று, பணம் போயிற்று. ஆனால் ஆகாயத்தில் ஒரு பிரயாணியின் உயிர்கூட அந்தத் தகட்டினால் போகவில்லை. ஆராய்ச்சியும் நின்று போகவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1995-ல், கார்பன் நார் விசிறி பூண்ட வேறொரு கம்பெனியின் எஞ்சின் சோதனைகளில் தேறி விமானங்களில் ஓடத் தொடங்கியது. அதன் தகட்டு விளிம்புக்கு டைட்டேனியத்தையே காப்பாக வைத்திருந்தார்கள்.

இதுவல்லவா துணிவு? தோல்வியைத் தரையில் ஒப்புக்கொள்ளத் துணிந்தவன்தான் ஆகாயத்தில் வெற்றி பெறுகின்றான். ஆகவே கார்பன் நார் குற்றவாளியல்ல. அது தன் சுபாவப்படி நடந்துகொண்டது. இழுத்தால் தாங்குவேன், நெருக்கினால் எனக்கு உறுதி சொல்ல முடியாது, என்னைச் சோதித்துப் பார்த்துக் கொள் என்று 2019-லும் 2022-லும் அது சொல்லிற்று. கேட்காதவன் மனிதனே.

நமக்கென்ன இதில்?

இரண்டரை லட்சம் டாலர் கொடுத்துக் கடலடியைப் பார்க்கப் போன சீமான்கள் செத்தால் வண்டி ஓட்டியும் தறி நெய்தும் பிழைக்கின்ற நமக்கென்ன என்று ஒரு தோழர் கேட்கலாம். நாமும் பாலத்தின்மேல் நடக்கின்றோம். பேருந்தில் ஏறுகின்றோம். கொதிகலன் பக்கத்தில் நின்று கூலி வேலை செய்கின்றோம். இவையெல்லாம் புதுப்புதுப் பொருள்களால் செய்யப்பட்டு வரும் காலம் இது. ‘எஃகைவிடப் பலமானது’, ‘விமானத்துக்கே போடுவது’ என்ற விளம்பரங்களைக் கேட்டவுடன் வாயைப் பிளப்பது, ‘சுவாமி சக்தியுள்ளவர்’ என்று கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக் கொள்ளுவதற்கு எவ்விதத்திலும் மேலானதல்ல. எதற்குப் பலம்? இழுவைக்கா, நெருக்கலுக்கா? எத்தனை தடவைக்கு? எங்கே சோதித்தார்கள்? சோதித்தவன் செய்தவனுடைய கூலியாளா, வெளியானா? உடைத்துப் பார்த்தார்களா, அல்லது உடையாது என்று நம்பினார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்க எஞ்சினீயர் படிப்புத் தேவையில்லை. வெட்கப்படாமல் கேட்கும் சுபாவமே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கின்றவனைக் காப்பாற்ற வேண்டும். 2018-ல் ஒருவன் கேட்டான், அவனைத் துரத்தினார்கள். 2023-ல் ஐந்து பேர் செத்தார்கள். நம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும், “இது தாங்காது, எஜமானே” என்று சொல்லுகின்ற தொழிலாளி ஒருவன் எப்பொழுதும் இருப்பான். அவனை அதிகப்பிரசங்கி என்று சொல்லி வெளியே தள்ளுகின்ற இடத்தில் எவ்வளவு பெரிய விஞ்ஞானம் இருந்தாலும் அது விஞ்ஞானத்தின் வேஷமேயொழிய விஞ்ஞானம் அல்ல. அப்படிப்பட்ட ஒருவன் உங்கள் பக்கத்தில் வாய் திறக்கும்போது அவனுக்குத் துணையாக நின்று நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள். கேள்விக்குப் பதில் வராத கலத்தில் ஏறாதீர்கள்.